எடம் இல்ல

எங்கள் அப்பாவுக்கு இருந்த ஒரே சொத்து அவருடைய வாய். அதுவும் அசையும் சொத்து. எந்நேரமும் அசைந்துகொண்டே இருக்கும்.

அவர் பஸ் கண்டக்டர். காலையில் வண்டி பணிமனையை விட்டுக் கிளம்பும்போது திறந்த வாயைச் சாயங்காலம் வண்டி திரும்பி உள்ளே நுழையும்போதுதான் மூடுவார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி திறப்பார். வண்டியில் கூட்டம் ஏறினால், "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல என்ன பெண் பார்க்கவா வந்திருக்காங்க, இப்படி வழிவிட்டு நிக்கிறீங்க?" என்பார். படியில் தொங்குகிறவரிடம், "அண்ணே, படியில நிக்கிறது சுலபம், கட்டு போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில படுக்கிறதுதான் கஷ்டம்" என்பார். நிறுத்தத்தில் கூட்டமாக நிற்பவர்களைப் பார்த்து அவர் கூவுவது ஒன்றுதான்: "எடம் இல்ல! எடம் இல்ல! பின்னால காலி வண்டி வருது!"

பின்னால் எந்தக் காலத்திலும் காலி வண்டி வந்ததில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா சொன்னால் கேட்டுக்கொண்டு பின்வாங்கி நிற்பார்கள். குரல் அப்படி. 'எடம்' மூக்கிலிருந்து புறப்பட்டு, 'இல்ல' உச்சிமண்டையில் போய் ஏறும்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. மற்றவர்களின் குரல் மட்டும் ஏறியது. அப்பாவின் குரல் அச்சு அசலாக வரும். பஸ் நிறுத்தத்துச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருநாள் "எடம் இல்ல!" என்று கூவினேன். ஏறப்போன கூட்டம் அப்படியே பின்வாங்கியது. நிஜ அப்பா வெறும் வண்டியின் படியில் நின்றபடி ஊரையே திட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்று நான் செருமினால் போதும். "வந்துட்டீங்களா?" என்று அம்மா அடுக்களையில் டீ போடத் தொடங்கிவிடுவாள். வந்து பார்த்துவிட்டு, "வாலு, உன்னைப் பெத்ததுக்கு ஒரு வானரத்தைப் பெத்திருக்கலாம்" என்பாள். டீயைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவுக்கு ஓய்வு கிடையாது. அன்றைக்கு வண்டிதான் வேறு. எங்கள் சபையில் பொது ஜெபம் என்றால் போதகர் அப்பா பக்கம்தான் கையைக் காட்டுவார். அப்பா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார், முகத்தைக் கூரைப்பக்கம் தூக்குவார், சபையில் உள்ள எல்லோருடைய நோயையும் வேலையின்மையையும் வீட்டுச் சண்டையையும் ஏற்றிக்கொண்டு நேராகப் பரலோகத்துக்கு விடுவார். நடுவில் நிறுத்தம் கிடையாது. சின்னப் பிள்ளைகள் தூங்கி, எழுந்து, மறுபடி தூங்குவார்கள்.

ஒருமுறை நான் பெஞ்சுக்கு அடியில் அலாரம் கடிகாரம் ஒன்றை வைத்துவிட்டேன். ஜெபத்தின் உச்சத்தில் அது கிணுகிணுவென்று அலறியது. அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. "ஆண்டவரே, இந்த மணியைப் போல எங்கள் உறங்கும் ஆத்துமாக்களையும் எழுப்பும்" என்று அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். சபை முழுக்க "ஆமென்" என்றது. என் வால் அன்றைக்குத் தானாகச் சுருண்டுகொண்டது.

மற்றவர்கள் தலை குனிந்து ஜெபிப்பார்கள். அப்பா குனியமாட்டார். "தலையைக் குனிஞ்சு ஜெபம் பண்ணினா தரைக்குத்தான்டா கேக்கும்" என்பார்.

அவர் ஜெபித்தால் நடக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. மரக்கடைக்காரரின் மனைவிக்கு விடாத காய்ச்சல் விட்டது. அப்பாவோடு வண்டி ஓட்டும் டிரைவரின் தம்பிக்கு வேலை கிடைத்தது. "கண்டக்டர் அண்ணன் மணி அடிச்சா மேல வண்டி நிக்கும்" என்று சொல்வார்கள். அப்பா உடனே, "நான் யாருங்க? வெறும் தூசி. எல்லாம் அவரோட கிருபை" என்பார். தூசி என்று சொல்லும்போதே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். தாழ்மையைக்கூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்ல வரும் அவருக்கு.

அவரை முழுசாக நம்பியவள் அக்கா. சீருடை தைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. அப்பாவின் டிக்கெட் பையில் வார் அறுந்தால் அவள்தான் தைப்பாள். இரண்டு மடிப்பு வைத்து, நூலை மெழுகில் இழுத்து, யானை கட்டி இழுத்தாலும் அறாத மாதிரி. "எங்கப்பா வாய்க்கு ஏத்த வார்" என்று சொல்லிச் சிரிப்பாள். கல்யாணமாகி ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் இருந்து, அப்பா ஜெபித்து ஜெபித்து, ஒருவழியாக உண்டாயிற்று. அந்த அவசரக்காரன் மாதம் நிறையும் முன்பே வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பேர் இன்னும் வைக்கவில்லை. குட்டி என்றுதான் சொன்னோம். என் முழங்கை நீளம்கூட இல்லை. பெட்டிக்கு வெளியே என் விரலை ஆட்டினால் உள்ளே அவன் விரலை ஆட்டுவான். தற்செயல் என்றாள் நர்ஸ். என் மருமகன், குறும்பு இல்லாமல் இருக்குமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போதகர் ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீரோடு வந்தார். "அண்ணே, டாக்டர் சொல்றதைக் கேட்டேன். பிள்ளைக்கு இங்கேயே ஞானஸ்நானம் கொடுத்துடலாம்" என்றார்.

அப்பா வழியை மறித்துக்கொண்டு நின்றார். "எதுக்குங்க ஐயா அவசரம்? சாகப்போற பிள்ளைக்குத்தான் ஆஸ்பத்திரியில தண்ணி தெளிப்பாங்க. என் பேரனை நான் கோயிலுக்குத் தூக்கிட்டு வருவேன். சபை பாக்க, ஜம்முன்னு கொடுப்போம். ஆண்டவர் எனக்கு வாக்குக் கொடுத்துட்டார்."

அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அப்பா, தெளிக்கட்டுமேப்பா. ஒரு துளிதானே."

"விசுவாசம் இல்லாதவ மாதிரி பேசாதம்மா. தெளிச்சா, போயிடுவான்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

அக்கா அப்பாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், தலையை ஆட்டிவிட்டாள். சின்ன வயதிலிருந்து அவர் சொன்னதெல்லாம் நடந்ததைப் பார்த்தவள். போதகர் பாட்டிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சபை முன்னால், "பிள்ளை பிழைப்பான், எழுதி வெச்சுக்கோங்க" என்று அறிவித்தார். புதன்கிழமை காலையில் நர்ஸ் பெட்டியின் விளக்கை அணைத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். மரக்கடைக்காரர் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "வாக்குக் கொடுத்தார்னு சொன்னீங்களே அண்ணே. அப்புறம் ஏன் இப்படி?"

அப்பா முகத்தைப் பார்த்தேன். பிதுங்கி வழியும் வண்டியில் சில்லறை சிதறிய ஆள் மாதிரி இருந்தார். எனக்குத் தெரியலை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை அவருக்கு எந்த நாளும் வந்ததில்லை. கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "ஜெபத்துல குறை இல்ல. வாங்கிக்கிற கையில விசுவாசம் இல்ல. பெத்தவளே சந்தேகப்பட்டா எப்படி நிலைக்கும்?" என்றார்.

உள்ளறையில் படுத்திருந்த அக்கா எழுந்து வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது அவளால்.

"நீங்கதானேப்பா தண்ணிய நிறுத்தினீங்க?" என்றாள். குரல் உயரவில்லை. "போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. தண்ணி படாம போயிட்டானே என் குட்டி, அவனுக்கு அங்க எடம் இருக்கா இல்லையா? அதையாவது சொல்லுங்கப்பா."

அத்தனை பேரும் அப்பாவைப் பார்த்தார்கள். பதில் தெரியாத மனிதனிடம் கூச்சல்தான் மிஞ்சும். மூக்கிலிருந்து புறப்பட்டு உச்சிமண்டைக்கு ஏறும் அந்தப் பஸ் குரலில், "அப்பனை எதிர்த்துக் கேள்வி கேக்கிறவளுக்கு இந்த வீட்ல எடம் இல்ல!" என்றார்.

அக்கா செருப்பைத் தேடி மாட்டினாள். மாமா, அதாவது அவள் புருஷன், பையைத் தூக்கிக்கொண்டார். அக்கா வாசலில் திரும்பி நின்று, "பின்னால காலி வண்டி வருமாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எங்களோடு பேசவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மா போன் செய்தால் மாமாதான் எடுப்பார். "நல்லா இருக்கா அத்தை. இப்ப வேணாம்" என்பார். அப்பா ஒன்றும் நடக்காத மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளில் கூரையைப் பார்த்து ஜெபித்தார். முன்னைவிட நீளமாக. ஆனால் பையின் வார் அறுந்தபோது கடையில் கொடுக்கவில்லை. அறுந்ததை முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்டு போனார்.

அப்பாவின் வண்டியில் கூரையோரமாக ஒரு கயிறு ஓடும். அதன் முனையில், டிரைவர் தலைக்கு மேலே மணி. ஒன்று அடித்தால் நில். இரண்டு அடித்தால் போ, ரைட். ஒரு காலை நேரம் நல்ல கூட்டத்தில் ஒற்றை மணி அடித்தது. டிரைவர் நிறுத்தினார். ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். இரண்டு மணி வரவில்லை. "என்ன அண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று டிரைவர் திரும்பிப் பார்த்தபோது, அப்பா கயிற்றைப் பிடித்தபடியே சரிந்துகொண்டிருந்தார்.

பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, என்னைத் தெரியுதா?" என்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். பாதி வாய்தான் திறந்தது. "எடம் இல்ல" என்றார்.

அம்மா திகைத்துப் போனாள். பக்கத்தில் நின்ற நர்ஸ், "ஐயா, அது நாங்க சொல்ற வசனமாச்சே!" என்று சிரித்தாள். அப்பா மறுபடி ஏதோ சொல்ல முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "எடம் இல்ல. எடம்... எடம் இல்ல." தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அவர் பயந்துபோனதை நான் பார்த்தேன்.

டாக்டர் விளக்கினார். "சில பேருக்குப் பேச்சு போனாலும் ரொம்பப் பழகின ஒரு வார்த்தை மட்டும் தங்கிடும். நாம சொல்றது அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைக்கிறது வேற, வாய் சொல்றது வேற."

அப்பா வாயில் இருந்த அத்தனை வார்த்தையும் இறங்கிப் போய்விட்டது. புட்போர்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒன்று மட்டும் பிடியை விடவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் இரும்புக் கட்டிலில் போட்டோம். சிரிப்புக்குப் பஞ்சமில்லை. பார்க்க வந்தவர், "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றால், "எடம் இல்ல." வந்தவர் செருப்பைக் கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நிற்பார். பூனை எட்டிப்பார்த்தால், "எடம் இல்ல." பூனை மட்டும் மதிக்காமல் உள்ளே வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். "பார்த்தீங்களாப்பா, டிக்கெட் எடுக்காத பிரயாணி" என்பேன். பாதி வாயால் சிரிப்பார். சிரிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். அது சிரிப்புத் தண்ணீர் என்று நான் வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா, "டீ வேணுமா?" என்று கேட்டாள். "எடம் இல்ல." "வேணாமா?" "எடம் இல்ல!" எரிச்சலில் இடது கை முட்டியால் கட்டில் குழாயை அடித்தார். வெற்றுக் குழாய். டிங் டிங் என்றது.

"அம்மா, ரெண்டு மணி! ரைட்டுங்கிறார்! டீயைப் போடு!" என்று கத்தினேன்.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுப் பாஷை. ஒன்று என்றால் வேண்டாம். இரண்டு என்றால் ஆமாம். வாய் தன்பாட்டுக்கு எடம் இல்ல, எடம் இல்ல என்று ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் கட்டிலைத்தான் கேட்போம்.

சாயங்கால ஜெபம்தான் கஷ்டமாக இருந்தது. அதுவரை வீட்டில் அவர் மட்டுமே ஜெபிப்பார். இப்போது அம்மா கட்டிலருகே உட்கார்ந்து, "ஆண்டவரே, எங்களைப் பாத்துக்கோங்க. அவளையும் பாத்துக்கோங்க. ஆமென்" என்பாள். முடிந்தது. அவ்வளவுதான் அவள் ஜெபம். முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு அப்பா வெகுநேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் ஒரு ஜெபம் அவர் கேட்டதில்லை. கேட்க இவர் எங்கே நிறுத்தினார்?

நடக்கப் பழகியதும் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். பின்பெஞ்சில், நான் ஒருபக்கம், கைத்தடி ஒருபக்கம். பொது ஜெபம் வந்தது. போதகர் பழக்க தோஷத்தில், "இப்போது நம் கண்டக்டர் அண்ணன்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சபை நெளிந்தது. நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

கூரையைப் பார்க்கவில்லை. தலை தொங்கிப்போய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடம் இல்ல" என்றார்.

முன்வரிசைப் பிள்ளை ஒன்று களுக்கென்று சிரித்தது. எனக்கே வாய்க்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"எடம் இல்ல." இம்முறை பஸ் குரல் இல்லை. வேறு ஒரு குரல். நான் பழகாத குரல். எனக்கு இன்றுவரை அது வரவில்லை. தடியை என்மீது சாய்த்துவிட்டு இடது கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "எடம் இல்ல. எடம் இல்ல." ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு இழுத்தது.

பிள்ளை பிறக்கப்போகும் இரவில் சத்திரத்தில் இடம் இல்லாமல் போன கிறிஸ்துமஸ் கதையை நான் வருஷா வருஷம் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறேன். அந்தச் சத்திரக்காரனே எழுந்து நின்று ஒத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மரக்கடைக்காரர், அன்று முன்னறையில் கேள்வி கேட்டவர், மெதுவாக "ஆமென்" என்றார். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா செய்த ஜெபங்களிலேயே மிகச் சின்னது அதுதான். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுக்கவைத்ததும் அப்பா ஆணியில் தொங்கிய டிக்கெட் பையைக் காட்டினார். முடிச்சுப் போட்ட வார்.

"அக்காவா?" என்றேன்.

டிங் டிங்.

"அக்காகிட்ட ஏதாவது சொல்லணுமா?"

டிங் டிங்.

"மன்னிப்புக் கேக்கணுமா?"

டிங் டிங். டிங் டிங். டிங் டிங். நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. முட்டித்தோல் உரிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசித்தேன். உலகத்தில் அப்பாவின் குரல் இன்னும் ஒரே ஒரு தொண்டையில்தான் இருந்தது, என் தொண்டையில். அவர் சொல்ல நினைப்பது எனக்குத் தெரியும். சொல்ல முடிந்த குரல் என்னிடம் இருக்கிறது. இதில் என்ன பொய்? சிநேகிதன் ஒருவனின் போனை வாங்கி, அந்த ஊரில் அக்கா வேலை செய்யும் தையல்கூடத்துக்கு அடித்து, அவளைக் கூப்பிடச் சொன்னேன். பின்னணியில் தையல் மிஷின்கள் மழை மாதிரி கேட்டன.

"யாரு?" என்றாள் அக்கா.

செருமினேன். "அம்மாடி... நான்தான்."

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. அவளுக்கு நோய் விஷயம் தெரியும். பேச்சு போய்விட்டது என்று மாமாவிடம் அம்மா சொல்லியிருந்தாள். "அப்பா?" என்றாள். சின்னப் பிள்ளையின் குரல் அது. நான் விடாமல் சொன்னேன். "பேச்சு வந்துடுச்சும்மா. தப்பு என்மேலதான். தண்ணிய நிறுத்தினது நான். பழியை உன்மேல போட்டதும் நான். எனக்குத் தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டேன். என்னை மன்னிச்சிடும்மா."

"டேய் வாலு" என்றாள்.

"எப்படிக்கா? குரல்ல எங்க தப்பு விட்டேன்?"

"குரல்ல ஒரு தப்பும் இல்லடா. அப்பா இதைச் சொல்லவே மாட்டார்."

"சொன்னாருக்கா! சத்தியமா! கட்டிலைத் தட்டிச் சொன்னார். மன்னிப்புக் கேக்கணுமான்னு கேட்டேன். தட்டினார், தட்டினார், கைத்தோல் உரிஞ்சுபோச்சு."

"நீ கேட்ட, அவர் தட்டினார். அது உன் வார்த்தைடா, அவர் வார்த்தை இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு மன்னிப்பெல்லாம் வேணாம். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ராத்திரி படுத்தா அதுதான் வந்து நெஞ்சுல உக்காருது. அதுக்கு அவர் பதில் சொல்லணும். சனிக்கிழமை வரேன். நான் கேக்கும்போது நடுவுல நீ குரல் கொடுத்தே, கொன்னுடுவேன்."

"அக்கா, ஒரு நிமிஷம், அவர் வாயில இப்ப ஒரே ஒரு வார்த்தைதான்..."

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன். மேற்பார்வையாளர் எடுத்துத் திட்டினார்.

சனிக்கிழமை காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். இறங்கியதும் முதலில் அந்த வார்த்தையைச் சொல்லித் தயார்செய்து கூட்டிப்போக வேண்டும் என்று திட்டம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து போனது. மாமா யாரிடமோ வண்டி இரவல் வாங்கி நேராக வீட்டிலேயே கொண்டுவந்து விட்டிருக்கிறார். தெருவில் வண்டியைப் பார்த்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசலில் ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். முகத்தில் பாதி மலர்ந்தது. மற்ற பாதியால் முடியவில்லை. நல்ல கை அவள் பக்கம் நீண்டது.

"எடம் இல்ல" என்றார்.

உள்ளே வைத்த காலை அக்கா வெளியே எடுத்துவிட்டாள்.

"ஐயோ, அவருக்கு அது ஒண்ணுதாண்டி வருது!" அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "வேற வார்த்தை வராதுடி. பூனையைப் பார்த்தாலும் அதுதான் சொல்றாரு. உன்னைச் சொல்லலடி."

"அன்னைக்கும் அது ஒண்ணுதாம்மா வந்துச்சு" என்றாள் அக்கா.

அப்பா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "எடம் இல்ல, எடம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இடது கையால் செத்துப்போன காலைப் பிடித்து இழுத்தார். கட்டிலின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தார். பக்கத்தில் காலியான இடத்தைத் தட்டிக் காட்டினார். அவள் வரவில்லை. இன்னும் நகர்ந்தார். "எடம் இல்ல." மூன்று பேர் உட்காரலாம், இன்னும் நகர்ந்தார். "எடம் இல்ல." வாய் கதவைச் சாத்தச் சாத்த உடம்பு திறந்துகொண்டே போயிற்று. கடைசியில் நகர ஓரமே இல்லாமல் தரையில் சரிந்து விழுந்தார். கட்டில் முழுக்கக் காலி.

முதலில் ஓடியவள் அக்காதான். தூக்கிவிடுவாள் என்று நினைத்தேன். தூக்கவில்லை. அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அப்பா கட்டிலின் காலில் பக்கவாட்டில் சாய்ந்துகிடந்தார். இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"அப்பா, அன்னைக்குக் கேட்டதுதான். வேற ஒண்ணும் வேணாம். என் குட்டிக்குத் தண்ணி தெளிக்கல. அவனுக்கு அங்க எடம் இருக்கா?"

உலகத்தில் எத்தனையோ கேள்வி இருக்க, அவரிடம் இருக்கும் ஒற்றை வார்த்தைக்கு நேராக இந்தக் கேள்வி வந்து நிற்கிறதே! என் தொண்டையில் அப்பாவின் குரல் தயாராக இருந்தது. இருக்கும்மா, நிச்சயமா இருக்கும்மா. அக்கா திரும்பாமலே என் பக்கம் ஒரு விரலை நீட்டினாள். உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்பாவின் வாய் திறந்தது. "எ..."

பட்டென்று இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கைக்குப் பின்னால் வார்த்தை முட்டுவது தெரிந்தது. கன்னம் துடித்தது. கழுத்து நரம்பு ஏறி இறங்கியது. கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. எந்நேரமும் அசைந்துகொண்டிருந்த அந்த வாயை அவர் தன் பலமெல்லாம் சேர்த்து மூடிக்கொண்டிருந்தார். கட்டிலைத் தட்ட வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். எடுத்தால் அது வெளியே வந்துவிடும். உயிருள்ள கை ஒன்றுதான் இருக்கிறது.

அக்கா காத்திருந்தாள்.

அப்பா தலையைக் குனிந்தார். நெற்றியைக் கட்டில் குழாயில் மோதினார்.

டிங் டிங்.

அவர் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார். போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ. மறுபடி குனிந்தார். டிங் டிங். மறுபடி. டிங் டிங். நெற்றியில் சிவப்பாகக் கோடு விழுந்தது. நிறுத்தவில்லை. அடுத்த முறை மோதியபோது சத்தம் வரவில்லை. குழாய்க்கும் நெற்றிக்கும் நடுவில் அக்கா தன் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"போதும்பா" என்றாள். "கேட்டுச்சு."

கேட்டுச்சு என்று மட்டும்தான் சொன்னாள். நம்பினேன் என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவர் தலை அவள் கையிலேயே கிடந்தது. அவள் கையை எடுக்கவும் இல்லை.

சாயங்காலம்வரை இருந்தாள். ஆணியிலிருந்து டிக்கெட் பையை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, மெழுகு நூல் கேட்டாள். வீட்டில் இல்லை. மெழுகுவர்த்தித் துண்டில் சாதா நூலை இழுத்து இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தாள். இனி அந்தப் பையை யாரும் மாட்டப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தைத்து முடிக்கிறவரை அப்பா வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. அம்மா டீ கொண்டுவந்தாள். அதையும் குடிக்கவில்லை.

"வரேம்பா" என்று அக்கா எழுந்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார், இரண்டு முறை. மாமா வண்டியைக் கிளப்பினார். சத்தம் தெருமுனையில் திரும்பி, தேய்ந்து, முழுசாக இல்லாமல் போனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பொத்தியபடியே இருந்தார், அவள் ஏதாவது மறந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் வருவாள் என்பதுபோல.

நான்தான் கையைப் பிடித்து மெதுவாக இறக்கினேன். உள்ளங்கையில் பல் பதிந்து, வரிசையாக, ரத்தம் கட்டியிருந்தது.